சித்தி கடை கட்டினாள்

“ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வர முடியுமா? கடையைக் கட்டப் போகிறேன். கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டும்” என்று சித்தி டெலிபோனில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் வம்சத்தில் யாரும் கடை வைத்ததில்லை. வைத்திருந்தால் இந்நேரம் திவாலாகியிருப்போம்.

“என்ன கடை, சித்தி?”

“முப்பது வருஷமாக நான் நடத்துகிற பாசிக் கடைதான். மே மாதக் கடைசியோடு உத்தியோகம் முடிகிறது. அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.”

சித்தி ஒரு பல்கலைக் கழகத்தில் தாவரவியல் பேராசிரியை. எந்தப் பல்கலைக் கழகம் என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும், எழுதவில்லை. கடல் பாசிகள்தாம் அவள் ஆராய்ச்சி. செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயில். கொளவாய் ஏரியில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்தே அவள் தலை நரைத்துவிட்டது.

லீவு போட்டுவிட்டுப் போனேன். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை மூடுவது என்றால் ஜன்னலைச் சாத்திப் பூட்டுப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாண வீட்டைக் காலி செய்வது இதைவிடச் சுலபம்!

முதல் நாள் சாமான் கணக்குப் பார்க்க ஒரு குமாஸ்தா வந்தார். நல்ல மனிதர். கையில் தலையணை கனத்துக்கு ஒரு ரிஜிஸ்தர்.

“மைக்ராஸ்கோப் இரண்டு?”

“இருக்கிறது.”

“கண்ணாடித் தொட்டி ஆறு?”

“ஐந்துதான் இருக்கிறது. ஒன்று உடைந்துவிட்டது.”

“உடைந்த தொட்டி எங்கே, மேடம்?”

“உடைந்ததைக் குப்பையில் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.”

குமாஸ்தா வருத்தத்தோடு பேனாவை மூடினார். உடைந்த தொட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் உடைந்தது என்று எழுதலாமாம். சித்தி தன் பர்ஸைத் திறந்து தொட்டியின் விலையைக் கட்டினாள். அடுத்தது ஸ்டூல் நான்கு. அதில் ஒன்றுக்குக் கால் மூன்று. முக்கால் ஸ்டூல் என்று எழுத ரிஜிஸ்தரில் வழியில்லை. அரை மணி யோசித்து, ‘உபயோகமற்றது’ என்று எழுதினார்.

சாயங்காலம் ரிஜிஸ்தரை மூடிவிட்டு, “எல்லாம் சரியாக இருக்கிறது, மேடம். நீங்கள் நிம்மதியாகப் போகலாம்” என்றார்.

சித்தி சுவரோரம் இருந்த மூன்று பீரோக்களைக் காட்டினாள். “இவை?”

“பீரோ மூன்று. டிக் அடித்துவிட்டேனே!”

“உள்ளே இருப்பது?”

“உள்ளே இருப்பது ரிஜிஸ்தரில் இல்லையே, மேடம்” என்றார் அந்த மனிதர், வெகு பணிவாக.

எங்கள் பாட்டி காலமானபோது நடந்தது என் நினைவுக்கு வந்தது. வெங்கலப் பானை யாருக்கு, இட்லிக் கொப்பரை யாருக்கு என்று எடை போட்டுப் பிரித்தார்கள். பாட்டியின் மாவடுவுக்கு எத்தனை படிக்கு எவ்வளவு உப்பு என்று அவள் இருந்தபோது ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. ஜாடி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த ருசி இல்லை.

இரண்டாம் நாள் மருந்துப் புட்டிகள். பழைய ஆராய்ச்சிக்கூடங்களில் உண்மையான ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அலமாரியின் கடைக்கோடியில், சித்திக்கு முன்பு இருந்தவர்கள் காலத்துப் புட்டி ஒன்று அகப்பட்டது. மூடியைச் சுற்றி மஞ்சளாகப் பொரிந்திருந்தது. நான் மூடியைத் திருகப் போனேன்.

“தொடாதே!” சித்தி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிக்ரிக் அமிலம் என்று பெயராம். செடிகொடிகளின் திசுக்களைப் பக்குவப்படுத்த ஒரு காலத்தில் உபயோகித்தது. ஈரமாக இருக்கும்வரை சாது. வருஷக் கணக்கில் கவனிக்காமல் விட்டு உலர்ந்துபோனாலோ வெடிமருந்துக்குச் சமானம். மூடியைத் திருகும் உராய்வே போதும். சித்தி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு, விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்தாள். அவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை எங்கள் இருவருக்கும் காப்பிகூட இறங்கவில்லை. புட்டியை வைத்துவிட்டுப் போனவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை; அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பீரோக்களைத் திறந்தோம். உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் காகித அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாசி, பட்டுப் புடவைத் தலைப்பில் நெய்தது போலப் பச்சையாக, பழுப்பாக, ரோஜாச் சிவப்பாக விரிந்து ஒட்டியிருந்தது. பசை கிடையாது. தட்டில் தண்ணீர் விட்டுப் பாசியை மிதக்க விட வேண்டும். அடியில் காகிதத்தை நுழைத்து மெதுவாகத் தூக்கினால் பாசி அதன்மேல் படிந்துவிடும். மேலே ஒரு மல் துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், மேலே கனம். பாசியிலுள்ள வழுவழுப்பே பசையாகிக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். மல் துணி இருப்பதால் ஒற்றுத்தாளில் ஒட்டாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே செய்திருக்கிறேன். 1998 பொங்கல் விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. காணும் பொங்கல் கூட்டம் வருவதற்குள் போய்விட வேண்டுமென்று, மாட்டுப் பொங்கலன்று இருட்டோடு செங்கல்பட்டில் முதல் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். பௌர்ணமியும் அமாவாசையும் ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும். அப்போதுதான் பாறைகளின் அடிப்பாகம் வெளியே தெரியும். சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடற்கரைக் கோயிலுக்கு வடக்கேயிருந்த வழுக்குப் பாறைகளில் ஆட்டுக்குட்டி போல ஏறினாள். கோயில் பார்க்க வந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். “மீன் பிடிக்கிறீர்களா அம்மா?” என்று ஒருவர் கேட்டார். “இல்லை, கீரை பறிக்கிறோம்” என்றாள் சித்தி.

அந்தப் பாறைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மாமல்லபுரத்தின் பாசிகளில் எது எந்தப் பருவத்தில் தலைகாட்டுகிறது, எது எப்போது மறைகிறது என்று கே. எஸ். ஸ்ரீனிவாசன் என்ற ஆராய்ச்சியாளர் 1946-லேயே கட்டுரை எழுதினார். அதே கடற்கரைக்கு மாதா மாதம் போய், பார்த்ததை எழுதி வைத்தவள் சித்தி. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. மணலுக்கடியில் புதைந்து கிடந்த சிற்பங்கள் அதனால் வெளிப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். சிற்பத்தை எல்லோரும் பார்த்தார்கள். கரை மாறிய பிறகு பாறைகளில் எந்தப் பாசி போயிற்று, எது புதிதாக வந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால் முந்தைய வருஷங்களின் அட்டைகள் வேண்டும். அவை அந்த மூன்று பீரோக்களில் இருந்தன. சித்தியின் இடத்துக்கு வேறு ஆள் போடப் போவதில்லை என்பதும், அந்த அறை பரீட்சைக் காகிதக் கட்டுகள் வைக்கப் போகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது.

அட்டைகளாவது உலர்ந்தவை, காத்திருக்கும். பக்கத்து அறையில் உயிருள்ள பாசிகள் இருந்தன. தொண்ணூறு கண்ணாடிக் குழாய்கள். குளிர்சாதனமும் விளக்கும் இரவு பகலாக வேண்டும். வாரக் கணக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் துளி எடுத்துப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஒரு நாள் மறந்தால் அடுத்த வீட்டில் இரவல் வாங்கலாம். ஆனால் இந்த உறைமோர் அடுத்த வீட்டில் கிடைக்காது.

சில குழாய்களில் பாசி ‘அகர்’ என்ற கூழின்மேல் வளர்ந்தது. அகரும் கடல் பாசியிலிருந்து எடுப்பதுதான். கிருமிகளை வளர்க்க அதை உபயோகிக்கலாம் என்று முதலில் சொன்னவர் ஒரு குடும்பப் பெண்மணி. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராயிருந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி. வெயிலில் ஜெலட்டின் உருகிப் போகிறதே என்று கணவர் அங்கலாய்க்க, தன் சமையலில் பழக்கமான அகரை எடுத்துக் கொடுத்தார். 1882-இல் காக் எழுதிய கட்டுரையில் அகர் இருக்கிறது. ஃபானியின் பெயர் இல்லை!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பிய பிறகு, காலி செய்கிற அறைதானே என்று யாரோ அந்தக் குளிரறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. வெளியே கத்திரி வெயில். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் அடுப்பங்கரைபோல அனல் அடித்தது. நாற்பத்தொரு குழாய்கள் வெளுத்துவிட்டன.

சித்தி யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு குழாயாக எடுத்து, நோட்டில் அதன் எண்ணுக்கு நேரே தேதியைப் போட்டாள். நாற்பத்தொரு முறை. எனக்குத்தான் அழுகை வந்தது.

“பிரிங்ஸைம் என்று ஒருவர் இருந்தார்” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “யூதர். பிராகா நகரத்தில் பாசி வளர்த்தவர். ஹிட்லர் காலத்தில், 1938-இல், இங்கிலாந்துக்குத் தப்பி ஓடும்போது தம் பாசிகளையும் கையோடு கொண்டுபோனார். இங்கிலாந்தின் பெரிய பாசிச் சேகரிப்புக்கு அதுதான் வித்து. 1953-இல் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு, இங்கிலாந்துப் பாசிகளிலேயே ஒரு பிரதி எடுத்துப்போய் அங்கேயும் வளர்த்தார். அகதியால் முடிந்தது எனக்கு முடியவில்லை, பார்த்தாயா? இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒவ்வொன்றிலும் இன்னொரு பிரதி எடுத்து யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். என் அறை, என் பாசி என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது.”

அன்று ரயிலில் திரும்பும்போது சித்தி இரண்டு பேரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஒருவர், பாசி ஆராய்ச்சியில் நம் தேசத்துக்கே முன்னோடியான எம். ஓ. பி. ஐயங்கார். சென்னைப் பல்கலைக் கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்து 1944-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் 1963-இல் காலமாகும்வரை ஆராய்ச்சியை விடவில்லை. பச்சைப் பாசிகளில் ஒரு குலத்தைப் பற்றி அவரும் அவருடைய சீடர் டி. வி. தேசிகாச்சாரியும் எழுதிய ‘வால்வோகேல்ஸ்’ என்ற பெரிய புத்தகம் 1981-இல் வெளிவந்தது. குரு மறைந்து 18 வருஷங்களுக்குப் பிறகு! அட்டையில் குருவின் பெயர்தான் முதலில்.

இன்னொருவர் ஜானகி அம்மாள். கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டவர். கடைசிக் காலத்தில் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் வயல் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி வேலை செய்தார். 1984 பிப்ரவரியில், 86 வயதில் காலமாகும்வரை.

“அந்த அம்மாள் கடையைக் கட்டவே இல்லை” என்றாள் சித்தி. “அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்குமா? எனக்கு ஒரு தேசிகாச்சாரி கிடைத்தால் போதும்.”

கிடைத்தார். சித்தியிடம் முதன்முதலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தெற்கே ஒரு கல்லூரியில் ஆசிரியர். தம் கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி ஓர் அறை வாங்கிக்கொண்டு, சொந்தச் செலவில் ஒரு குட்டியானை வண்டியோடு வந்து நின்றார். அட்டைக் கட்டுகள், முப்பது வருஷத்து நோட்டுகளின் நகல்கள், பிழைத்த நாற்பத்தொன்பது குழாய்கள் எல்லாம் ஏறின. குழாய்களுக்கு ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார். “வழியில் எங்கும் நிறுத்த மாட்டேன், மேடம்” என்றார். “சாப்பிட மட்டும் நிறுத்தப்பா” என்றாள் சித்தி.

கட்டுகளைக் கட்டும்போது ஓர் அட்டை என் கண்ணில் பட்டது. சிவப்புப் பாசி. கீழே, ‘மாமல்லபுரம், 15–1–1998’. ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்தில் என் பெயர்!

“சித்தி, இதை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா? ஞாபகத்துக்கு.”

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். சிரித்தாள். அட்டையை வாங்கி அதே இடத்தில் செருகினாள்.

“கூடாதம்மா. நீ எடுத்துக்கொண்டால் அந்த வருஷத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிடும்.”

வண்டி போனதும் சாவியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம்.

போன மாதம் செங்கல்பட்டுக்குப் போயிருந்தேன். சித்தி வீட்டுச் சமையலறை ஜன்னலில், வெயில் நேராகப் படாத மூலையில், ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே பச்சை. சித்தி பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நல்ல வேளையாக வந்தாய். அடுத்த மாதம் நான் காசிக்குப் போகிறேன். திரும்ப மூன்று வாரம் ஆகும். இதை நீதான் வந்து மாற்ற வேண்டும். எப்படி என்று இப்போதே கற்றுக்கொள்.”

நான் கைப்பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.