ஆரப்பாளையத்தில் ஒரு வாரப் படக்காட்சி

மதுரைக்குப் போகிறவர்கள் கோவிலைப் பார்க்கப் போவார்கள். அல்லது பந்துக்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள். சினிமாப் பார்ப்பதற்கென்றே மூட்டை கட்டிக்கொண்டு போவாருண்டா என்று நேயர்கள் கேட்கலாம். படம் பார்த்து அபிப்பிராயம் எழுதும் தொழிலில் அகப்பட்டுக்கொண்ட நாம் அப்படித்தான் போனோம். ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் புதுப் படங்களையெல்லாம் மதுரை ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று சங்கல்பம். ஜாகை ஆரப்பாளையத்தில்.

வைகையின் தென்கரையிலுள்ள இந்தப் பேட்டைக்குத் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பஸ்கள் வந்த வண்ணமாயிருக்கின்றன. பக்கத்திலேயே புட்டுத்தோப்பு. வந்தியம்மைக்காகப் பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியன் கையால் பிரம்படி பட்ட பெருமானின் லீலை ஆவணி மூலத் திருவிழாவில் இங்கேதான் நடைபெறுகிறது. 1965ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்தில் தருமி வந்தார், பாணபத்திரர் வந்தார், பிட்டு மட்டும் வரவில்லை. ஆரப்பாளையத்தாருக்கு இதில் மனத்தாங்கல் உண்டோ என்னவோ, நமக்கு உண்டு.

இந்த ஊர் ஒரு காலத்தில் படத்தை எப்படி ஆதரித்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி சொல்லலாம். 1937ல் வெளியான 'சிந்தாமணி'யில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்தார். படத்தைத் தயாரித்தவர்கள் மதுரைக்காரர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தின் லாபத்தில் மதுரையில் ஒரு கொட்டகையே எழுந்தது. அதற்குச் 'சிந்தாமணி' என்றே பெயரும் வைத்தார்கள். பிறகு 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யுடன் தங்கம் தியேட்டர் திறந்தது. இரண்டாயிரத்தைந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம்! ரயிலடிக்கு அருகே விக்டோரியா எட்வர்டு மன்றத்திலோ, பகலில் புத்தக வாசிப்பு. மாலையில் ரீகல் தியேட்டர் என்ற பெயரில் ஆங்கிலப் படம். அறிவும் ஆனந்தமும் ஒரே கூரையின் கீழ் முறை வைத்துக் குடித்தனம் நடத்தின.

தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக் கடை. சிந்தாமணியிலும் படம் இல்லை.

நாம் பார்த்த ஐந்து படங்களில் மூன்றில் மதுரை வந்தது. மூன்றிலும் மதுரைக்காரர் கையில் அரிவாள்! 'பருத்திவீரன்' (2007), 'சுப்பிரமணியபுரம்' (2008), 'ஆடுகளம்' (2011) ஆகியவை நல்ல படங்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 'சுப்பிரமணியபுரம்' 1980ஆம் வருஷத்து மதுரையைத் தெருத் தெருவாக மீட்டுக் காட்டியது. கொட்டகைக்குள் ஜனங்கள் ரஜினி படம் பார்க்கும் காட்சிகூட அதில் உண்டு. ஆனால் பின்னால் வந்தவர்கள் தெருவை விட்டுவிட்டு அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது அரிவாள் ஓங்கப்பட்டபோது நம் அருகிலிருந்த அம்மாள், "ஏங்க, நம்ம ஊர்ல வேற சோலியே இல்லையா?" என்று தம் கணவரைக் கேட்டார். நாம் நான்கு பக்கத்தில் எழுத நினைத்த விஷயம் அது.

இப்படிக் கேட்கிறவர்களை அலட்சியம் செய்யாதவர் ஒருவர் உண்டு. ஸாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1980களில் மதுரையில் தங்கி, ஏழை ஜனங்கள் ஏன் சினிமாப் பார்க்கிறார்கள் என்று அவர்களையே விசாரித்து, 1993ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அவர் திரையை மட்டும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்வையாளர்களின் முகத்தையும் பார்த்தார். விமர்சகர்களாகிய நமக்கோ இப்போது அதற்கு அவகாசமில்லை. காலைக் காட்சி முடிந்து வெளியே வருவதற்குள் வாசலில் கைபேசியை நீட்டி, "படம் எப்படி?" என்கிறார்கள். மத்தியானத்துக்குள் தீர்ப்பு ஊரெங்கும் பரவிவிடுகிறது. இரண்டாம் ஆட்டத்துக்கு வருகிறவன் படத்தைப் பார்க்க வருவதில்லை. தீர்ப்புச் சரிதானா என்று பார்க்க வருகிறான்.

ஐந்தில் ஒன்று மெதுவான படம். முதல் நாள் முப்பது பேர்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். கூட்டம் சற்றே கூடியிருந்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரம் கிடைத்தால் அது பிழைக்கும் என்று தோன்றிற்று.

வியாழக்கிழமை இரவு பஸ் நிலையத்துச் சுவரில் அதன் சுவரொட்டியின் மேல் அடுத்த படத்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நமது விமர்சனத்தில் அப்போதுதான் இரண்டாவது பாரா ஆரம்பமாகியிருந்தது.