பசித்த உண்ணி

ஜூன் 9

மசினகுடி. காட்டில் மேய்ந்து திரும்பிய மாடுகளின் காதிலும் மடியிலும் உண்ணி பறித்தோம். "இதைப் போயி டப்பாவுல போட்டுட்டுப் போறீங்களே, டாக்டரம்மா! நாளைக்கு வாங்க, ஒரு படி அளந்து தாறேன்" என்றார் மாட்டுக்காரர். அதே புல்லில்தான் புள்ளிமானும் மேய்கிறது. ஆனால் மானிடம் இப்படிப் போய் நிற்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்து, தொற்றி ஏறியவற்றைப் பிடித்தோம். கையுறை கட்டாயம். 1957இல் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சலும் உண்ணி கடித்து வருவதுதான்.

ஜூன் 12

மூக்கில் ரத்தம் வடியும் நாட்டு நாய். பிளேட்லெட் அதலபாதாளத்தில். ஜீம்சா சாயமிட்ட ஸ்லைடில் வெகுநேரம் தேடிய பிறகு, ஒரு மோனோசைட்டுக்குள் முசுக்கொட்டைப் பழம்போல ஊதா நிறத் திரள். எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமியாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் உள்ளே போய்விட்டால் கிருமியை வளர்க்க முடியாது; முதலில் ரத்தம் எடுத்தேன், அடுத்த நிமிடமே மருந்து.

நாய்மேல் ஊதிக் கிடந்த உண்ணிகளிலும் பிசிஆர் பாசிட்டிவ். இதை எதற்குக் கொண்டாடுவது? அவற்றின் வயிற்றில் இருப்பதே அந்த நாயின் ரத்தம்தானே. எர்லிக்கியா முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. குஞ்சுப் பருவத்தில் நாயிடம் உறிஞ்சியது, தோலுரித்து வளர்ந்த பிறகும் உண்ணிக்குள் தங்கியிருக்கும். ஆகவே எனக்கு வேண்டியது, வளர்ந்த பின் இன்னும் ரத்தம் குடிக்காத உண்ணி. நாய் படுக்கும் திண்ணைச் சுவரின் விரிசல்களைச் சுரண்டி வர ஆய்வகத் தம்பியை அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 21

மாட்டு உண்ணிகளின் பிசிஆரில் காக்ஸியெல்லா பேண்டு; க்யூ காய்ச்சல் கிருமியின் இனம். "மேடம், க்யூ காய்ச்சல்!" என்று ஆய்வு மாணவி துள்ளினாள். அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை.

க்யூ காய்ச்சலின் கதை நினைவுக்கு வந்தது. 1935இல் மொன்டானாவில் உண்ணியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தார்கள். அதே காலத்தில் பிரிஸ்பேனில் மாடு அறுக்கும் கூடத் தொழிலாளர்களுக்குப் பெயர் தெரியாத காய்ச்சல். இரண்டும் ஒன்று என்று தெரியவந்தது எப்படி? 1938இல் மொன்டானா ஆய்வகத்துக்கு வந்துபோன ரோலா டயர் காய்ச்சலில் விழுந்தார். அவர் ரத்தத்தை கினிப் பன்றிகளில் செலுத்திப் பார்த்ததில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அவ்வளவு எளிதில் தொற்றுவதை எங்கள் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது. அதற்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு வேண்டும். வரிசையறிதலுக்கு மட்டும் அனுப்பினேன்.

ஜூலை 2

வரிசை வந்தது. க்யூ காய்ச்சல் இல்லை. உண்ணியோடு கூடியே வாழும், காக்ஸியெல்லாவின் ஒன்றுவிட்ட சொந்தம். மாணவிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளூர நிம்மதி.

ஜூலை 14

நாய் ரத்தத்தின் வெள்ளணுக்களை டிஹெச்82 என்ற வளர்ப்புச் செல்களோடு 37 டிகிரியில் வைத்திருந்தோம். வழக்கமான ஆன்டிபயாடிக் இதில் சேர்ப்பதில்லை. வேறொரு பாக்டீரியா விழுந்தால் எல்லாம் போச்சு. இன்று செல்களுக்குள் ஊதாத் திரள்கள். சுவர் விரிசலில் கிடைத்த பசித்த உண்ணிகளிலும் அதே கிருமியின் வரிசை.

அறிக்கைப் படிவத்தில் 'உண்ணி: பாசிட்டிவ்' என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்: ரத்தம் குடித்தது, குடிக்காதது. "எதுக்கு மேடம் வீண் வேலை?" என்றார் அலுவலகத்தில். நாளை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.