ஈறு வைத்தியமும் சாப்பாடும்

ஈறில் இரத்தம் வருகிறது என்று வருபவரிடம் பல் மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் துலக்குகிறீர்கள் என்பதுதான். சர்க்கரை நோய் உண்டா, சிகரெட் பழக்கம் உண்டா என்பதையும் கேட்டுக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்வோம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது அபூர்வம். கேட்டாலும் இனிப்பைப் பற்றித்தான், அதுவும் சொத்தைக்காக. இந்தப் பழக்கத்துக்கு வலுவான காரணம் உண்டு. ஹரால்டு லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் போய்விட்டது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் காரணம் என்பதை 1965-இல் வெளியான அந்த ஆய்வு நிலைநாட்டியது. ஸ்கேலிங் முதல் பிரஷ் பிடிக்கச் சொல்லித்தருவது வரை எங்கள் வேலை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அது சரியான அறிவு. ஆனால் முழு அறிவு அல்ல.

படலம் நோயைத் தொடங்கிவைக்கிறது. அந்தப் படலத்தை ஈறு எப்படி எதிர்கொள்கிறது என்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்விட்சர்லாந்தில் 10 பேர் நான்கு வாரம் கற்கால மனிதர்களைப்போல வாழ்ந்தார்கள். பிரஷ், பேஸ்ட் கிடையாது. வெள்ளைச் சர்க்கரையும் கிடையாது. லோவின் முடிவுப்படி அவர்களுடைய ஈறு கெட்டிருக்க வேண்டும். நாங்கள் ஈறைச் சோதிப்பது, மில்லிமீட்டர் கோடு போட்ட, நுனி மழுங்கிய மெல்லிய கம்பியால். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், நல்ல ஈறில் அது 3 மி.மீ. ஆழத்துக்குள் நின்றுவிடும், இரத்தம் வராது. அழற்சி கண்ட ஈறில் கம்பியை எடுத்த சில நொடிகளில் ஓரத்தில் சிவப்புப் புள்ளி அரும்பும். அந்தப் பத்துப் பேருக்கும் படலம் கூடியிருந்தது. ஆனால் இரத்தம் கசிந்த இடங்களோ ஏறக்குறைய 35 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு இறங்கியிருந்தன. 2009-இல் இந்த ஆய்வு வெளியானது.

பத்துப் பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லையே, அலுவலகப் பரபரப்பு இல்லாத வாழ்க்கையே ஈறுக்கு நல்லது செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விகள். ஜெர்மனியில் 2016-இல் வெளியான ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. மாவுச்சத்தைக் குறைத்து, ஒமேகா-3, வைட்டமின் சி, நார்ச்சத்து ஆகியவற்றைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குப் படலம் அப்படியே இருக்க, அழற்சி ஏறக்குறையப் பாதியானது. இதுவும் 15 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. உடலியலும் அதற்கு ஒத்துப்போகிறது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை, ஓயாமல் புதுப்பிக்கப்படுபவை. வைட்டமின் சி இல்லாமல் உறுதியான கொலாஜன் உருவாகாது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிய கடலோடிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் போக்கியது இந்த வைட்டமின் குறையைத்தான்.

அப்படியானால் வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா? போதாது. ஈறு சிதைந்து எலும்பு கரைந்த நிலையில் மாத்திரை எலும்பைத் திருப்பித் தராது. கல்லாக இறுகிவிட்ட காரையை எந்த உணவும் கரைக்காது; ஸ்கேலிங்தான் அதற்கு வழி. சாப்பாடு பிரஷ்ஷுக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் துலக்கியும் இரத்தம் நிற்காதவரிடம் இன்னும் அழுத்தித் துலக்குங்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் தவறு. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் ஒரு நாளுக்குத் தேவையான வைட்டமின் சி-யைத் தாண்டித் தரும்; கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் அதே சத்தில் பெரும்பகுதி வீணாகும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அடுத்த முறை ஈறில் இரத்தம் என்று பல் மருத்துவரிடம் போகும்போது, முந்தின நாள் காலையிலிருந்து இரவு வரை சாப்பிட்டதை, சர்க்கரை போட்டுக் குடித்த டீ உட்பட, அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.