முல்லைத்தீவுக்கு ஓர் உலகப் பயணம்



பூமியில் பிரயாணம் செய்து, முன் சென்றோரின் நிலைமைகளைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகின்றது. இதை நான் மத்ரஸாவில் வருடந்தோறும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் என் சொந்தப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன் என்று கேட்டால், பெருநாளைக்குக் கற்பிட்டிக் கடற்கரை, கல்யாண வீடுகள், அவ்வளவுதான்.

அண்டை வீட்டார் மலேசியா போய் வந்து ஒரு பை நிறைய சொக்கலேட் கொண்டு வந்து தந்த நாளில், என் கடைக்குட்டி மகள் கேட்டாள்: "வாப்பா, நாங்க எப்ப வெளிநாடு போற?" ஒரு மௌலவி ஆசிரியரின் சம்பளத்தில் ஐந்து பேருக்கு விமானச் சீட்டு எடுப்பது எப்படியென்று வாசகர்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். "இன்ஷா அல்லாஹ், வார சனிக்கிழமை போவோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எங்கே போவது என்று.

என் துணைவியின் தகப்பனார் எங்களோடுதான் புத்தளத்தில் வசிக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் 'அப்பா'. அவருடைய சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து நீராவிப்பிட்டி. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வெளியேற்றப்பட்டது நீங்கள் அறிந்த வரலாறு. அவர்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் வந்து தங்கினார்கள். என் மாமனாரும் அவர்களில் ஒருவர். போர் முடிந்த பின் ஒரேயொரு முறை காணி அலுவலாக ஊருக்குப் போய், அன்று பின்னேரமே திரும்பி வந்தவர் அவர். அதன் பிறகு கூப்பிட்டாலும் மழுப்பிவிடுவார். "இந்த முறை அப்பாவின் ஊருக்குப் போவோம். போகும் வழியில் உலகத்தையும் பார்ப்போம்" என்று முடிவு செய்தேன்.

கொப்பியில் பிறந்த கடவுச்சீட்டு

திட்டம் இதுதான். மகன் பழைய கொப்பித் தாள்களை வெட்டித் தைத்து, பிறவுன் பேப்பர் உறை போட்டு, ஆறு கடவுச்சீட்டுகள் செய்தான். மூத்த மகள் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் பிறை செதுக்கி, சிவப்பு மையில் தோய்த்து முத்திரையாக்கினாள். வழியில் எந்த நாட்டோடு தொடர்புள்ள பொருளைக் கண்டாலும், அது இங்கு எப்படி வந்தது என்று சொல்பவருக்கு அந்நாட்டின் முத்திரை கிடைக்கும். சொல்லத் தெரியாவிட்டால் விசா மறுக்கப்படும்!

மாமாவுக்குரிய கடவுச்சீட்டை மகன் கொண்டு போய் நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு விசா கிடைக்குமோ தெரியா மகன்" என்று சிரித்தபடி சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

2025 பெப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை, ஸுப்ஹு தொழுகை முடித்து வாடகை வேனில் புறப்பட்டோம்.

புத்தளம் நகரைத் தாண்டுமுன்பே முதல் முத்திரை விழுந்தது. மொரோக்கோவின் தன்ஜா நகரிலிருந்து 1325இல் தமது 21ஆவது வயதில் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் இலங்கையில் கரையிறங்கியது எங்கள் புத்தளத்தில்தான். தமது பயண நூலில் அவர் இவ்வூரை 'பத்தாலா' என்று குறிப்பிடுகிறார். இங்கே அவரை வரவேற்று உபசரித்து, பாவா ஆதம் மலைக்குச் செல்ல உதவி செய்தவர் ஆரியச் சக்கரவர்த்தி. அந்தத் தமிழ் மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்றும் இப்னு பதூதா பதிந்திருக்கிறார். முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் பிரயாணிக்கு வழிகாட்டியும் உணவும் கொடுத்து அனுப்பிய அரசனின் கதையைப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள்.

அநுராதபுரத்தில் சீனா கிடைத்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பௌத்த நூல்களைத் தேடி வந்த பாஹியான் என்ற சீனத் துறவி இரண்டு ஆண்டுகள் தங்கிய நகரம் அது. அறிவைத் தேடி அவ்வளவு தூரம் வந்தவரை நினைத்து, வீட்டுப்பாடம் செய்யச் சோம்பும் என் மகன் சற்று வெட்கப்பட்டான் போலும்.

உண்மையான எல்லை

வவுனியா தாண்டி ஏ-9 பாதையில் ஓமந்தையை அடைந்தபோது மகன், "இது எந்த நாடு வாப்பா?" என்று கேட்டான். நான் பதில் தேடுவதற்குள் மாமா பேசினார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுவே.

"இங்கதான் மகன் மெய்யான போடர் இருந்த."

2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 பாதை திறந்தபோது, இராணுவத்தின் கடைசிச் சோதனைச்சாவடி இங்கேயே இருந்தது. அதைத் தாண்டினால் யாருக்கும் உரித்தில்லாத ஒரு வெற்று நிலம். அங்கே செஞ்சிலுவைக் குழுவினர் இருப்பார்கள். அதற்கப்பால் மறு தரப்பின் சாவடி. ஒரே நாட்டுக்குள் அடையாள அட்டை காட்டி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, வரிசையில் நின்று மக்கள் கடந்தார்கள். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. இன்று அங்கே சாவடி இல்லை. வேன் நிற்காமலே கடந்துவிட்டது. அந்த இடத்திற்கு எந்த நாட்டின் முத்திரையைக் குத்துவதென்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டார்கள்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டானில் பாதையோரம் கச்சான் வறுத்து விற்கும் ஓர் அம்மாவிடம் நிறுத்தினோம். வன்னி மண்ணின் கச்சானுக்குத் தனி ருசி என்பது நாடறிந்தது. "இது எங்கட சாமான், இதுக்கு முத்திரை இல்லை" என்றாள் மூத்தவள். இல்லை மகளே, கச்சானின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பக்கத்தில் குவித்திருந்த மரவள்ளியும் அங்கிருந்து வந்ததே. கப்பல்கள் கடல் கடந்து கொண்டு வந்து சேர்த்த பயிர்கள் இவை. இந்த மண் அவற்றை எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல் ஏற்று வளர்த்தது. கேட்டுக் கொண்டிருந்த அந்த அம்மா, "அப்ப நானும் வெளிநாட்டுச் சாமான்தான் விக்கிறன்" என்று சொல்லிச் சிரித்து, மேலதிகமாக ஒரு சுண்டு கச்சானைப் பிள்ளைகளின் பையில் கொட்டினார்.

கடல் கொண்டு வந்தவை

முல்லைத்தீவு நகரில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மாமாவும் எங்களோடு இரண்டு ரக்அத்துகளுடன் ஸலாம் கொடுத்தார். பிறகு நெடுநேரம் எழும்பாமல் இருந்தார். பயணக் களைப்பு என்று நான் நினைத்துக் கொண்டேன்.

நகரில் ஒல்லாந்தும் பிரித்தானியாவும் முத்திரையாயின. ஒல்லாந்தர் அமைத்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய கோட்டையை 1803இல் பண்டார வன்னியன் தாக்கிக் கைப்பற்றியது இங்கேதான். அங்கிருந்து நந்திக்கடல் நீரேரியைக் கடக்கும் வட்டுவாகல் பாலத்திற்குச் சென்றோம். ஒடுங்கிய, தாழ்ந்த பாலம். இரு மருங்கிலும் ஆழமற்ற நீரில் ஊசிவால் வாத்துகளும் நெடுங்கால் பறவைகளும் கூட்டங்கூட்டமாக மேய்ந்தன. ஆண்டுதோறும் ஒக்டோபர் அளவில் வடக்கே குளிர் தொடங்க, சைபீரியா, மத்திய ஆசியா போன்ற தூரதேசங்களிலிருந்து இப்பறவைகள் இத்தீவுக்கு வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்கின்றன. ரஷ்யா முத்திரை குத்தப்பட்டது.

2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், பல்லாயிரம் தமிழ் மக்கள் எல்லாவற்றையும் இழந்து, காயங்களோடும் பிள்ளைகளோடும் நடந்து கடந்ததும் இதே பாலத்தைத்தான். அதைச் சொன்னபோது வேனுக்குள் எவரும் பேசவில்லை. வேரோடு பிடுங்கப்படுவது என்னவென்று அறிந்த குடும்பம் எங்களுடையது. பிறர் இழப்பை அளந்து பார்க்கும் தராசு நமக்கெதற்கு? து​ஆச் செய்தோம், கடந்தோம்.

முள்ளிவாய்க்கால் கடற்கரையில் ஒரு மீனவர் வலை தைத்துக் கொண்டிருந்தார். இந்தக் கடலைப் பற்றிக் கேட்கப் போய், உலகப் படமே விரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, இந்தோனேசியாவின் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் இக்கரையில் எழுந்த அலை ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போனது. 2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிச் சென்ற 'பாரா-3' என்ற ஜோர்தான் கப்பல் இயந்திரம் பழுதாகி இக்கரையில் தரைதட்டியது. போர் முடிந்த பின் வந்தவர்கள் அதன் துருப்பிடித்த உடலை வெகுகாலம் கண்டிருக்கிறார்கள்.

கடைசியாக அவர் சொன்னது, நாங்கள் போவதற்கு இரண்டு மாதத்திற்கு முன் நடந்தது. 2024 டிசம்பரில், நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்களை ஏற்றிய படகொன்று இக்கரைக்கு அப்பால் வந்து நின்றது. சிறுவர்கள் பலர், பல நாள் பசியோடு. கரையிலிருந்த தமிழ் மீனவர்களும் ஊர் மக்களும் உணவும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். பின்னர் கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றனர்.

"அந்தப் பிள்ளையளைப் பாக்கேக்க, 2009இல எங்கட பிள்ளையள் இருந்த மாதிரியே இருந்தது ஐயா" என்றார் அந்த மீனவர்.

"அவங்கட பாஸ்போட் எந்த நாட்டு?" என்று கடைக்குட்டி கேட்டாள். 1982இல் பர்மாவில் கொண்டு வரப்பட்ட குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியதை அவளுக்கு விளங்கும் விதத்தில் சொன்னேன். அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. "அப்ப அவங்களுக்கு ஒரு பாஸ்போட்டும் இல்லையா?" மகன் முத்திரையைக் கையில் எடுத்தவன், குத்தாமலே பையில் வைத்துவிட்டான்.

மாமாவின் மஸ்அலா

இருட்டிய பின் நீராவிப்பிட்டியை அடைந்தோம். மீளக் குடியேறிய உறவினர் ஒருவரின் வீடு. சுற்றிலும் சில வீடுகளில் வெளிச்சம், சில காணிகள் இன்னும் பற்றைக்காடு. மாமா டோர்ச் வெளிச்சத்தில் ஒரு கிணற்றடியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே வுழூச் செய்துவிட்டு வந்தார். மஃரிபைத் தொழுது முடித்து இஷாவுக்கு நின்றோம். நான் இமாமத்துக்கு முன்னே போக, மாமா என் கையைப் பிடித்தார்.

"மௌலவி, ஒரு மஸ்அலா. நீங்க முஸாபிர், சுருக்குவீங்க. நான் இங்க முஸாபிரா, ஊர்க்காரனா?"

வாசகர்களே, கஸ்ர் தொழுகையின் பாடத்தை வருடந்தோறும் நடத்துபவன் நான். 'வதன்' என்றால் என்ன, எவ்வளவு தூரம் சென்றால் பிரயாணி, எத்தனை நாள் தங்க நிய்யத் வைத்தால் சலுகை நீங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். புத்தளத்தில் 34 வருடம் வீடும் வாசலுமாக வாழ்ந்தவர். நாளைக் காலை திரும்பிப் போகிறவர். கிதாபைத் திறந்தால் பதில் இருக்கிறது. ஆனால் பிறந்த மண்ணில் நின்று 'நான் இங்கே பிரயாணியா?' என்று கேட்கும் 72 வயது மனிதரின் முகத்தைப் பார்த்து அதை எடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பகலில் அந்த இரண்டு ரக்அத்துக்குப் பின் அவர் ஏன் எழும்பாமல் இருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அல்லாஹ்வின் மார்க்கம் இலேசானது. நம் ஷாபிஈ மத்ஹபில் சுருக்கித் தொழுவது ஒரு சலுகையே. பிரயாணியும் முழுமையாகத் தொழுதால் தொழுகை நிறைவேறும். முழுமையாகத் தொழும் இமாமைப் பின்பற்றுகின்ற பிரயாணி, தானும் முழுமையாகவே தொழ வேண்டும்.

"மாமா, நீங்க முன்னுக்குப் போங்க. நாலு ரக்அத் தொழுங்க. நாங்க உங்களுக்குப் பின்னால நிக்கிறோம்" என்றேன்.

அவர் தொழுவித்தார். ஓதும்போது இரண்டு முறை குரல் தடைப்பட்டது. பின்னால் நின்ற நாங்கள் அனைவரும் அன்றிரவு இஷாவை நான்காகவே தொழுதோம். 1990க்குப் பின் அவர் தம் ஊரில் தங்கிய முதல் இரவு அது.

காலையில் புறப்படும்போது பார்த்தேன். மாமா தமது சட்டைப் பையிலிருந்து அந்தக் கடவுச்சீட்டை எடுத்து, மகனிடம் முத்திரையைக் கேட்டு வாங்கினார். உருளைக்கிழங்கு அதற்குள் வாடிச் சுருங்கிப் பிறை கோணலாகியிருந்தது. நாள் முழுதும் வெறுமையாக வைத்திருந்த முதற் பக்கத்தில் தாமே குத்திவிட்டு, கீழே பேனையால் எழுதினார்: 'நீராவிப்பிட்டி. போனது 1990 ஒக்டோபர். தங்கியது 2025 பெப்ரவரி, ஓர் இரவு.'

சகோதர சகோதரிகளே! விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். வீட்டுத் திண்ணையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியவரை எவரும் கேட்பதில்லை. அவரிடமும் ஒருமுறை கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். அவரது மண்ணுக்கு அழைத்துச் சென்றால், பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடாதீர்கள். ஓர் இரவு தங்க வையுங்கள்.

வீடிழந்து, நாடிழந்து, கடலிலும் முகாம்களிலும் தவிக்கும் அனைவருக்கும் அல்லாஹ் தஆலா நிம்மதியாகத் தலைசாய்க்க ஓர் ஊரைக் கொடுத்தருள்வானாக. ஆமீன்.