பெரிய டயர் போட்டா கியரையும் மாத்தணுமா?

அமெரிக்காவுல பிக்கப் டிரக் வாங்கறவங்க நிறைய பேர் முதல்ல மாத்த ஆசைப்படறது டயரைத்தான். 35 இன்ச் டயர் போட்டா வண்டி நெஞ்சை நிமிர்த்திட்டு நிக்கும். டெக்சாஸ்ல இருக்கற என் பெரியப்பா பையனுக்கும் இதே ஆசை. அவரோடது 2013 ஃபோர்டு எஃப்-150, ஃபோர் வீல் டிரைவ். லீவு நாள்ல டிரெய்லர்ல படகை ஏத்தி இழுத்துட்டுப் போவார். "நீதான் காமர்ஸ் ஆச்சே, கணக்குப் போட்டுச் சொல்லுடா"ன்னார். பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதுங்க, பெரிய விஷயமில்லை :-)

அவர் வண்டியில இப்ப இருக்கற டயர் 265/70 ஆர்17. அதாவது அகலம் 265 மி.மீ. பக்கச்சுவர் உயரம் அதுல 70 சதவீதம், 185.5 மி.மீ. மேலயும் கீழயும் அதைச் சேர்த்து, நடுவுல 17 இன்ச் ரிம்மையும் கூட்டினா மொத்த உயரம் 31.6 இன்ச்.

அடுத்தது ஆக்சில் ரேஷியோ. ஆக்சிலுக்குள்ள கிரவுன்னு ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுத்தி விடறதுக்கு பினியன்னு ஒரு சின்னது. கிரவுன்ல 41 பல், பினியன்ல 11 பல்னா, 41-ஐ 11-ஆல வகுக்க 3.73. சக்கரம் ஒரு தடவை சுத்த, பினியன் 3.73 தடவை சுத்தணும். எண் கூடினா இழுவை கூடும், இன்ஜின் வேகமா சுத்தும். அண்ணன் வண்டியில 3.55.

இப்ப 35 இன்ச் டயர் மட்டும் போட்டா? 3.55-ஐ 31.6-ஆல பெருக்கி 35-ஆல வகுங்க. 3.21 வருது. டயர் கடைக்குப் போய்ட்டு வந்ததுல வண்டியோட ரேஷியோவே குறைஞ்சு போச்சு! மைலேஜை மனசுல வச்சு கம்பெனி குடுக்கற 3.15, 3.31 ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. படகு இழுக்கறவருக்கு இது ஆகாது. 65 மைல் வேகத்துல, ஆறாவது கியர்ல, சுமார் 1690 ஆர்பிஎம்ல ஓடின இன்ஜின் 1530-க்கு இறங்கிடும். மேடு வந்தா இழுக்க முடியாம கியர்பாக்ஸ் கீழ கியருக்கு மாத்திக்கிட்டே இருக்கும், சூடாகும்.

இழுவை பழையபடி வேணும்னா 3.55 x 35 / 31.6 = 3.93. அந்த எண்ல கியர் கிடைக்காது, பக்கத்துல இருக்கறது 4.10. பெரிய டயர் கனமும் அதிகம்கறதால கொஞ்சம் மேல போறதுதான் நல்லது. 4.10 போட்டா அதே 65 மைல்ல சுமார் 1765 ஆர்பிஎம்.

இங்கதான் பில் எகிறுது. ஃபோர் வீல் டிரைவ்ல முன் ஆக்சிலுக்கும் அதே ரேஷியோ போட்டே ஆகணும். இல்லைன்னா 4x4 போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி பாகங்கள் உடையும். கிரவுன் பினியனை ஜோடியாத்தான் மாத்தணும். பல்லுக்குப் பல் இடைவெளியை நூலளவு பிசகாம வைக்கணும், அதனால கூலியும் ஜாஸ்தி. எல்லாம் சேர்ந்தா நாலு டயர் விலையையே தாண்டிடலாம்.

கியர் மாத்தியும் தீராத விஷயம் பிரேக். கனமான டயரை நிறுத்தறது அதே பழைய பிரேக்தான். கம்ப்யூட்டர்ல டயர் அளவை மாத்தாம டயரை மட்டும் போட்டா ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 65-ன்னு காட்டும்போது நிஜத்துல 72-ல போய்ட்டிருப்பீங்க. பின்னாடி படகு, உள்ள குழந்தைங்க. எனக்கு இதுதான் பயமா இருந்தது.

அதனால அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: ஆசைக்கு 33 இன்ச் போடுங்க. 3.55 x 31.6 / 33 = 3.40, கியரைத் தொடாமலே சமாளிக்கலாம். 35 தான் வேணும்னா 4.10-க்கும் பணம் சேர்ந்த பிறகு போடுங்க. அண்ணன் இன்னும் யோசிக்கறார். அண்ணி 33-க்கு ஓட்டுப் போட்டாச்சு!

காஸ்டிங் வகுப்புல ஒரு பொருளோட அடக்கவிலையில என்னென்ன சேரும்னு படிக்கறோம். 35 இன்ச் டயரோட அடக்கவிலையில ரெண்டு ஜோடி கிரவுன் பினியனும் சேரும். அதைக் கூட்டாம டயர் விலையை மட்டும் பார்க்காதீங்க.