கூரைக்கு மேலே ஒரு கம்பி

கம்பி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது முகாமைச் சுற்றியிருந்த முட்கம்பிதான். நான் இன்று எழுத வந்திருப்பது வேறொரு கம்பியைப் பற்றி. வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரு லயத்தின் தகரக் கூரைக்கு மேலாகப் போகும் செப்புக் கம்பி அது. அதன் தடிப்பு எவ்வளவாக இருக்க வேண்டும் என்ற கேள்வியில் ஒரு தாயும் மகனும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைத் தீர்த்து வைக்கப் போனேன். போன இடத்தில் நான்தான் பாடம் படித்துக்கொண்டு வந்தேன்.

அந்த அக்காவை எனக்குச் சில வருடங்களாகத் தெரியும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைச் சந்திப்பது என் வேலையில் ஒரு பகுதி. அவருடைய தகப்பன் இந்த மலையில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு, எத்தனையோ தோட்டக் குடும்பங்களைப் போல, கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார். அக்கா அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தார். 2009 இல் கணவனை இழந்தார். முகாமிலிருந்து வெளியே வந்தபோது போக இடமில்லை. பெரியப்பா மகன் இருந்த இந்த லயத்துக்கு, ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் கொண்ட வீட்டுக்கு, இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். மகள் இப்போது வவுனியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகன் தாயோடு இருக்கிறான்.

மகனுக்கு மின்சார வேலையில் ஆசை. பண்டாரவளையில் வானொலி திருத்தும் பெரியவர் ஒருவரிடம் எடுபிடியாகப் போனவன், அமெச்சூர் வானொலியைப் பற்றி அவரிடம் கேட்டறிந்தான். வியாபாரத்துக்கு அல்லாமல், விருப்பத்துக்காகச் சொந்தக் கருவியில் மற்ற நிலையங்களோடு பேசும் பொழுதுபோக்கு இது. யாரும் நினைத்தபடி செய்துவிட முடியாது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்து, உரிமம் பெற்று, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு ஒன்றையும் பெற வேண்டும். பையன் இரவிரவாகப் படித்துச் சித்தியடைந்தான். பெரியவர் தன் பழைய கருவியைக் கொடுத்தார். அதற்கான அனுமதியும் முறைப்படி வந்தது. இனி ஒரு அன்டெனா கட்டினால் போதும்.

அங்கேதான் அக்கா “கட்டக் கூடாது” என்று நின்றுவிட்டார்.

நான் சமூகவியல் படித்தவள். போரின் பாதிப்பு, உளக்காயம் என்று பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. உளவளத்துணைக்கு அனுப்பும் படிவம் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்:

“மிஸ், எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல. 97 இல எங்கட வீட்டில கம்பி கட்டினது நான்தான்.”

அப்போது அவர்களிடம் ஒரு சின்ன றேடியோ இருந்தது. இரவில் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை கேட்பதற்காக, முருங்கை மரத்துக்கும் கூரைக்கும் இடையே ஒரு கம்பியை இழுத்து றேடியோவின் ஏரியலில் முடிந்திருக்கிறார். 1941 முதல் 2017 வரை வானொலியில் ஒலித்த அந்தச் சேவையை, மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிக் கேட்ட வீடுகள் வடக்கில் எத்தனையோ. வாசகிகளில் பலர் அந்தச் சில்லைச் சுற்றியவர்களாகவும் இருப்பீர்கள். ஒரு நாள் சோதனைக்கு வந்தவர்கள் கம்பியைக் கண்டார்கள். “யாருக்குச் செய்தி அனுப்புகிறாய்?” என்று கேட்டு, வீட்டில் இருந்த ஆண் என்பதால் கணவனைக் கொண்டுபோனார்கள். பதினொரு நாட்களுக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்த மனிதன் றேடியோவைத் தொடவேயில்லை.

“கேக்கிற கம்பிக்கே அப்பிடியெண்டா, பேசிற கம்பிக்கு என்ன செய்வாங்கள்?” என்று அக்கா கேட்டார்.

நான் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. அவருடைய பயம் நோய் அல்ல, அனுபவம். நான் எழும்ப முன் அவரே ஒரு வழி சொன்னார். “கட்டத்தான் வேணுமெண்டா, கண்ணுக்குத் தெரியாத கம்பியில கட்டட்டும். எவ்வளவு மெல்லிசில கட்டலாமெண்டு நீங்களே கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி. அவன் சொன்னா நான் நம்ப மாட்டன்.”

இப்படித்தான் கம்பியின் தடிப்பைப் படிக்க வேண்டியவளானேன். பண்டாரவளைப் பெரியவரிடம் ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

பையன் பயன்படுத்தவிருந்தது 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை. அதற்குரிய எளிய அன்டெனாவின் மொத்த நீளம் ஏறத்தாழ 20 மீற்றர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீற்றராக இழுத்து, நடுவிலிருந்து கேபிளைக் கருவிக்கு இறக்க வேண்டும். நீளம் சரியாக இருக்க வேண்டும். தடிப்பு அவ்வளவு முக்கியமில்லை.

காரணம் இதுதான். இவ்வளவு வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் கம்பியின் உள்ளே போவதில்லை. வெளித்தோலிலேயே ஓடுகிறது. 7 மெகாஹேர்ட்ஸில் செப்பில் அந்தத் தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்குதான். தேயிலைச் செடி எவ்வளவு தடித்திருந்தாலும் நாம் கிள்ளுவது மேலே நிற்கும் கொழுந்தை மட்டும்தானே, அதுபோல. 2 மில்லிமீற்றர் கம்பியில் 100 பங்கு சக்தியை அனுப்பினால் ஒன்றரைப் பங்கு கம்பியிலேயே சூடாகி வீணாகும். அரை மில்லிமீற்றர் கம்பியில் ஏறத்தாழ 6 பங்கு வீணாகும். கால் மில்லிமீற்றரில் சுமார் 11 பங்கு. மறுபக்கத்தில் கேட்பவரின் காதுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கேட்பதற்கு மட்டுமான கம்பி என்றால் தடிப்பைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

“அப்படியானால் தலைமயிர் மாதிரி ஒன்றைக் கட்டலாமே” என்றேன். பெரியவர் சிரித்தார். “மின்சாரத்துக்குக் காணும். காத்துக்குக் காணாது” என்றார்.

கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வலிமை நான்கு மடங்காகும். அதன்மேல் காற்று தள்ளும் விசையோ இரண்டு மடங்குதான். ஆகவே காற்றடிக்கும் இடத்தில் தடித்த கம்பிக்கே வெற்றி. மென்மையான செப்புக் கம்பி அரை மில்லிமீற்றர் என்றால் சுமார் 4 கிலோ இழுவையிலேயே அறுந்துவிடும். 1 மில்லிமீற்றர் என்றால் சுமார் 16 கிலோ தாங்கும். அறுவதற்கு முன்பே செப்பு இழுபட்டு நீளும். நீளம் மாறினால் அன்டெனாவின் கணக்கும் மாறும்.

அக்காவிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரை மில்லிமீற்றர் என்று முடிவு செய்தார். மோட்டார் சுற்றும் கடையில் கம்பிகளை எண்களில் சொல்வார்கள். எண் கூடக் கூட கம்பி மெலியும். 24 ஆம் எண் 0.56 மில்லிமீற்றர், 26 ஆம் எண் 0.46 மில்லிமீற்றர். 24 ஆம் எண் கம்பியை நிறுத்து வாங்கி வந்தான் பையன். இஸ்தோப்பின் பக்கத்தில் ஒரு மூங்கில் நட்டு, அதன் உச்சியில் நடுப்பகுதியை வைத்து, இரண்டு பக்கமும் சரிவாக இழுத்து, நுனிகளைத் தங்கூசி நூலால் கட்டினார்கள். ஒரு நுனி டர்பன்டைன் மரத்துக்கு, மற்றது வேலிக் கட்டைக்கு. கேபிளின் பாரத்தை மூங்கில் தாங்கிக்கொண்டதால் மெல்லிய கம்பிக்குச் சுமை குறைந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கம்பி தெரியவில்லை. அக்கா ரோட்டில் ஏறி நின்றும், பக்கத்து லயத்து வாசலில் நின்றும், கோயிலடியில் நின்றும் பார்த்துவிட்டு வந்து, “சரி” என்றார்.

எனக்கு ஒரு விடயம் மட்டும் உறுத்தியது. சட்டப்படி உரிமம் உள்ள ஒன்றை ஏன் மறைக்க வேண்டும்? மறைத்ததைப் பிறகு யாராவது கண்டால் அது இன்னும் பெரிய சந்தேகத்தை அல்லவா கொண்டுவரும்? இதை அக்காவிடம் நேராகவே சொன்னேன். யோசித்துவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். கண்ணுக்கு மறைந்திருக்கட்டும், ஆனால் ஆட்களுக்கு மறைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. உரிமத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டக் கந்தோருக்கும் கொடுத்தோம். லயத்து வீடுகள் அத்தனைக்கும் பையனே போய்ச் சொன்னான். இன்னொரு பிரதியை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். யார் கேட்டாலும் கை நீட்டிக் காட்டக்கூடிய இடம் அது.

ஆடி பிறந்தது. ஊவாவின் ஆடிக் காற்று எப்படிப்பட்டது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் கம்பி அறுந்தது. முடிந்து கட்டினார்கள், மறுபடியும் அறுந்தது. மூன்றாவது முறை அறுந்து தொங்கிய கம்பி, தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் பட்டுக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். அக்கா பிள்ளைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு வெலிமடைச் சந்தைக்குப் போனவர், மரக்கறியோடு ஒரு வயர்ச் சுருளும் வாங்கி வந்தார். வீட்டு விளக்குகளுக்கு இழுக்கும் 1/1.13 வயர். உள்ளே 1.13 மில்லிமீற்றர் செப்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. “பிள்ளையளுக்குத் தெரியாத கம்பி வேண்டாம்” என்று மட்டும் சொன்னாராம். உறை போட்ட கம்பியை வெறுங்கம்பியைவிடச் சற்றுக் குறைவான நீளத்தில் வெட்ட வேண்டும் என்பதால் பையன் அளந்து அளந்து நறுக்கினான். ஆட்கள் நடக்கும் பக்கத்தில் நுனியைத் தலைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினார்கள். அக்கா ஒரு பழைய சேலைக் கரையைக் கிழித்து, அந்த நுனியில் இரண்டு மூன்று இடங்களில் முடிந்துவிட்டார். பத்தடியிலும் தெரிந்தது, ரோட்டிலிருந்தும் தெரிந்தது. யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது, தொலைபேசி அறுந்துபோன அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலை வானொலியால் இணைத்தவர்கள் நம் நாட்டு அமெச்சூர் வானொலிக்காரர்கள். அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில், இதே பொழுதுபோக்குக்காக இந்தியப் பெருநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற பெண், தன் நிலையத்தை அப்படியே அவசரச் சேவைக்கு மாற்றினார். தீவுகளில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அவர் வழியாக எத்தனையோ குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

மலைநாட்டுக்கு ஒரு வசதியும் உண்டு. 7 மெகாஹேர்ட்ஸ் அலை, தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து பெரும்பாலும் மேல்நோக்கிப் போய், சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் கீழே வரும். மலை அதற்குத் தடையில்லை. கோபுரமும் தேவையில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைகள் சரிந்தன. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை மறக்காதவர்கள், இரவெல்லாம் கண் மூடாமல் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதைகள் அடைபட்டன. மின்சாரம் போனது, கைத்தொலைபேசியும் ஊமையானது. லயத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு கண்டதும் எல்லோரும் கோயிலுக்கு இறங்கிவிட்டார்கள். இடி ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, ஒரு பழைய கார் பற்றரியில் பையன் கருவியை இயக்கினான். கீழ்நாட்டில் ஒருவர் பதில் சொன்னார். லயத்து ஆட்களின் நிலையைக் குறித்துக்கொண்டார். பிறகு வவுனியாவிலிருந்த மகளுக்கும் தொலைபேசியில் சொன்னார்: அம்மாவும் தம்பியும் சுகம், எல்லோரும் கோயிலில் இருக்கிறார்கள் என்று.

பாதை திறந்த பிறகு நான் போனேன். மூங்கில் சாய்ந்திருந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை. அக்கா அதை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி ஏதாவது கேட்டால், சில காரியங்களை மட்டும் மறவாதீர்கள். உரிமம் இல்லாமல் அனுப்புகருவியைத் தொட விடாதீர்கள். மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ அருகிலோ அன்டெனாவை இழுக்க விடாதீர்கள். இடிமழை நெருங்க முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடச் சொல்லுங்கள்; இடி முழங்கத் தொடங்கிய பிறகு அதைத் தொட விடாதீர்கள். அயலாருக்குச் சொல்லிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். தடிப்பைக் கேட்டால், ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் வாங்கச் சொல்லுங்கள்.

அன்று திரும்பும்போது அக்காவிடம் கேட்டேன், இப்போது பயம் போய்விட்டதா என்று.

“எங்க தங்கச்சி போறது? வாகனச் சத்தம் கேட்டா இப்பவும் முதல்ல மேல கம்பியைத்தான் பாக்கிறன். பிறகு சாமிப் படத்தடியில பேப்பர் இருக்கா எண்டு பாக்கிறன்” என்றார். சொல்லிவிட்டு, அவிழ்ந்து கிடந்த ஒரு சேலைத் துண்டை மறுபடியும் இறுக்கி முடிந்தார்.