பாய்லர் நின்ற நாள்

2010 டிசம்பரில் கிழக்கு லண்டனில் நான் குடியிருந்த வீட்டில் பாய்லர் நின்றுபோயிற்று. 1910-லிருந்து வைத்திருக்கும் கணக்கில் பிரிட்டனின் மிகக் குளிர்ந்த டிசம்பர் அது. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு 76 வயது.

விடியற்காலையில் ரேடியேட்டர்கள் சில்லிட்டுக் கிடந்தன. பாய்லரின் சிறு திரையில் ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் மின்னின. இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் செய்வதையே நானும் செய்தேன்: ரீசெட் பொத்தானை அமுக்கினேன். உள்ளே விசிறி சுழன்றது, பொறி தட்டிற்று, கொளகொளவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஐந்து முறை அமுக்கியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அதே சத்தம், அதே எண்.

பிறகுதான் வரிசையாகப் பார்த்தேன். மின்சாரம் இருந்தது. சமையலறை அடுப்பு எரிந்தது. ஆகவே கேஸும் இருந்தது. அழுத்தமானியின் முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இதற்கு மேல் என் அதிகாரம் செல்லாது. மூடியைத் திறந்து கேஸ் பாகங்களில் கைவைப்பவர் அந்நாட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2009-லிருந்து அந்தப் பதிவேட்டுக்கு கேஸ் சேஃப் என்று பெயர். பதிவு பெற்ற ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான்கு நாள் ஆகும் என்றார்.

அம்மா இரண்டு ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து பாய்லர் முன் நின்றாள். "உள்ளே தண்ணி கொளகொளங்குதுடா. எங்கியோ போக வழியில்லாம நிக்குது" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. செம்பு பாய்லர் வைத்திருந்தவளுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம்தான்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த பாய்லர் இருந்தது. நடுவில் குழாய், அதற்குள் கொட்டாங்குச்சியும் மட்டையும் போட்டு எரிப்பாள். மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பக்கத்துப் பித்தளைக் குழாயில் வெந்நீர் வரும். தண்ணீர் ஊற்றாமல் பற்றவைத்தால் அடியில் ஈயப்பற்று விட்டுப்போகும். அதற்கு வந்த நோய் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நோய். ஒழுகும், அல்லது புகையும். புகைந்தால் கண் எரியும், எழுந்து வெளியே போவோம்.

பத்து மணிக்கு அம்மா ஒரு வழி சொன்னாள். தோட்டத்துக் கொட்டகையில் கோடையில் கறி சுட வாங்கிய கரி மூட்டை ஒன்று மிச்சம் கிடந்தது. "பழைய இரும்புச்சட்டில கரியைக் கனிய வெச்சு ரூம்ல வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டாப் போதும். உன்னைப் பெத்தப்போ கட்டிலுக்கடியில குமுட்டிதான்."

"எல்லாரையும் கொல்லப் பாக்கறியா?" என்று கத்திவிட்டேன். அவள் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னது உண்மை. சொன்ன விதம்தான் அசிங்கம். நான் பிறந்த வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே அணில் போய்வரும். லண்டன் வீடு சூட்டைச் சேமிப்பதற்காகக் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது. கரி அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை, நிறமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்போடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. எழுந்து வெளியே போகச் சொல்ல அங்கே கண் எரிச்சல் இல்லை.

எமிலி ஜோலா இறந்தது அப்படித்தான். 1902 செப்டம்பர் இறுதியில் பாரிஸ் வீட்டுக்குத் திரும்பி, ஈரமாக இருந்ததால் படுக்கையறைக் கணப்பு பற்றவைக்கப்பட்டிருக்க, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்தார். புகைபோக்கி அடைத்துக்கொண்டிருந்தது. டிரைஃபஸ் வழக்கில் அவர்மேல் பகை கொண்ட யாரோ வேண்டுமென்றே அடைத்ததாக ஒரு சந்தேகம் பின்னால் எழுந்து, தீராமலே இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தின் இருட்டுக்குள் இறங்கி 'ஜெர்மினல்' எழுதியவரைச் சொந்தப் படுக்கையறையின் கணப்பு கொன்றது. போக வழியில்லை என்று அந்தக் கணப்புக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் அம்மா சொன்னது உறைத்தது. எங்கியோ போக வழியில்லாம நிக்குது.

பாய்லரோடு வந்த கையேட்டை எடுத்தேன். எண்ணுக்கு நேரே காரணம் எழுதியிருந்தது. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அதைச் சூட்டோடு சேர்த்து வெளியே விட்டுவிடும். 2005-லிருந்து இங்கிலாந்தில் புதிதாக வைத்தவை பெரும்பாலும் அந்த ஆவியைக் குளிர்வித்து, அதன் சூட்டையும் பிடுங்கிக்கொள்பவை. மிஞ்சும் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டிச் சாக்கடைக்குப் போகிறது. குழாய் வெளிச்சுவரில் இருந்தால் கடுங்குளிரில் உறையும். தண்ணீர் பின்னுக்கு ஏறும். பாய்லர் தானே அணைந்துகொள்ளும்.

பின்சுவரில் கட்டைவிரல் பருமனில் அந்தக் குழாய், மேலே எந்தப் போர்வையும் இல்லாமல். வளைவில் தொட்டால் கல். கொதிக்கிற தண்ணீர் கூடாது, குழாய் வெடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்ற வேண்டும். ஆறு கெட்டில் ஊற்றினேன். தரையில் விழுந்த தண்ணீர் உடனே பனிக்கட்டியாகிவிடாமல் உப்பைத் தூவிக்கொண்டேன். ஏழாவதில் உள்ளே ஏதோ நழுவி, முனையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பனிக்குச்சி விழுந்தது. அதன் பின் தண்ணீர். உள்ளே போய் பொத்தானை ஒருமுறை அமுக்கினேன். எரிந்தது.

அன்று நான் பழுது என்று நினைத்தது பழுதல்ல. தன் கழிவு வெளியேறவில்லை என்று தெரிந்ததும் எரியமாட்டேன் என்று சொல்லும் அறிவு அது. நின்றுபோவதை உடனே தோல்வி என்று படித்துவிடுகிறோம். எழுதாமல் நின்றுபோன நண்பர்களைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசி வந்திருக்கிறோம். போகிற வருகிறவர்களெல்லாம் அவர்களுடைய ரீசெட் பொத்தானை அமுக்கியிருக்கிறோம். புகைபோக்கி அடைத்த பின்னும் நிற்காமல் எரிந்துகொண்டிருக்கிறவர்களைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை.

மறுநாளே குழாய்க்கு நுரைப்பஞ்சு உறை வாங்கிச் சுற்றினேன். பதிவு பெற்றவர் நான்காம் நாள் வந்து எல்லாவற்றையும் சோதித்து, மோனாக்சைடு வந்தால் கூவுகிற கருவி ஒன்றை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பாய்லர் எரிந்த அன்று மாலை அம்மா ரேடியேட்டரில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையில் கத்தியதற்குச் சமாதானமாக நான் ஜோலாவின் கதையைச் சொன்னேன். புகைபோக்கி அடைத்தது, அவர் ஜன்னலைத் திறக்க எழுந்து விழுந்தது, எல்லாம். அவர் எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்றும் சொன்னேன். அது அவளுக்குப் பொருட்டாகத் தெரியவில்லை.

"அவன் பொண்டாட்டி?"

"அதே ரூம்லதான் இருந்தாங்க. பொழச்சுக்கிட்டாங்க."

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இறந்து அப்போது ஒன்பது வருஷம்.